மூட்டத்துக்குப் போன மண்

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் ஒன்று சொன்னாள். மாமா காராச்சேவு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாராம். பெரியவன் பொட்டலத்தைத் தொடாமல் எழுந்து வெளியே போய்விட்டானாம். "மாமாவாலதான அப்பா ஓசூருக்குப் போனாக" என்று சின்னவளிடம் சொன்னானாம். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் ஐ.டி.ஐ. படித்தவன், எழுத்து எனக்கு நேராக வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். படித்த பிறகு மாமாவிடம் பேசுவதும் பேசாததும் உங்கள் இஷ்டம்.

திருச்சுழி ரோட்டில் நின்றுபோன மில்லை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நூல் ஓடிய காலத்தில் நான் அங்கே எலக்ட்ரீசியன். மிசின்களைக் கழற்றி லாரியில் ஏற்றிய பிறகு, கேட்டையும் மோட்டாரையும் பார்த்துக்கொள்ள என்னை மட்டும் வைத்திருந்தார்கள். இதுவும் எத்தனை நாளைக்கு என்று தெரியாது. அருப்புக்கோட்டையில் ஓடுகிற பெரிய மில்லில் ஏற்கெனவே ஆள் இருந்தது. அந்த நேரத்தில்தான் வெளிநாட்டில் நூல் வாங்குகிற கம்பெனி ஒரு நிபந்தனை போட்டது. மில்லின் கணக்கு, ஆர்டர், நூல் பரிசோதனை எல்லாம் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும், ஒரு இடம் தீப்பிடித்தாலும் இன்னொன்றை வைத்து அன்றைக்கே வேலை நடக்க வேண்டும் என்று. முதலாளிக்குச் சொந்தமாக இருந்த இன்னொரு கட்டடம் எங்கள் செத்த மில்தான். பழைய ஆபீஸ் ரூமைச் சுத்தம் செய்து ஏசி போடச் சொன்னார்கள். "இது சரியா ஓடுனா நீ இங்கனயே பெர்மனென்ட்" என்றார் மேனேஜர். வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் ஒரு வேலை. அன்றைக்கு அம்மா பாயசம் வைத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். எதற்கென்று அப்போது சொல்லவில்லை.

மதுரையிலிருந்து ஒரு இன்ஜினியர் அம்மா வந்தார்கள். சின்ன வயது, ஆனால் வேலையில் கெட்டி. ஒரே மாதிரி இரண்டு பெட்டி, ஆளுயரத்தில் பாதி, உள்ளே கணக்கெல்லாம் பதிகிற கம்ப்யூட்டர் டிஸ்க்குகள் வரிசையாக. நம் ஊருக்கு வர வேண்டிய பெட்டியை முதலில் அருப்புக்கோட்டையிலேயே மற்றதன் பக்கத்தில் நிறுத்தி, அதிலிருந்த எல்லாவற்றையும் இதற்கு நகல் எடுத்தார்கள். "அவ்வளவையும் லைன்ல அனுப்புனா முடியாதுண்ணே. பெருசைக் கையில தூக்கிட்டுப் போயிருவோம், தினம் மாறுறது மட்டும் லைன்ல போகட்டும்" என்றார்கள். கம்பளியில் சுற்றிக் குட்டியானை வண்டியில் ஏற்றினோம். பின்னால் உட்கார்ந்து பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிரைவர் திரும்பிப் பார்த்து, "என்னண்ணே, பிள்ளத்தாச்சிய ஏத்திட்டு வந்த மாதிரி உட்காந்திருக்கீக?" என்று கேலி செய்தான்.

பெட்டியை நிறுத்தி லைனை மாட்டிய பிறகு, இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். "அங்க ஒண்ணு எழுதுனா இங்கயும் எழுதணும். எழுதிட்டேன்னு இங்கருந்து பதில் போனாத்தான் அங்க அடுத்த வேலை" என்றார்கள். எனக்கு உடனே நீங்கள்தான் ஞாபகம் வந்தீர்கள். ராத்திரி கதை சொல்லும்போது உம் கொட்டச் சொல்வேனே, உம் வராவிட்டால் கதையை நிறுத்திவிடுவேனே, அதே கதைதான்.

"லைன் அறுந்து போனா மேடம்? உம் வராதே?"

சிரித்தார்கள். "அப்ப நிக்காதுண்ணே. அது பாட்டுக்குத் தனியா எழுதும், எங்கெங்க மாறுச்சுன்னு மட்டும் குறிச்சு வச்சுக்கும். லைன் வந்ததும் விட்டதை அனுப்பும். ஆனா அனுப்பி முடிக்கிற வரைக்கும் இந்த நகல் பாதி புதுசு, பாதி பழசு. அந்நேரம் இதைத் திறக்கவே கூடாது, திறந்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது."

லைன் என்பது ரோட்டோரம் பதித்த கண்ணாடி நார்க் கேபிள். பாறை வந்த இடங்களில் பள்ளம் முழங்கால் ஆழத்துக்குக்கூடப் போகவில்லை. மூடிய மண் இறுகுவதற்கு ஒரு மழை வேண்டும். நம் ஊரில் அது எப்போது வந்திருக்கிறது?

கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. காலையில் கதவைத் திறந்ததும் பெட்டியில் பச்சை விளக்கைத்தான் பார்ப்பேன், பச்சை என்றால் லைன் ஓடுகிறது. பிறகு வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் நேரில் வந்து சோதிக்கப் போவதாகச் சொன்னார்கள். அதற்கு முந்தின நாள் காலை விளக்கு மஞ்சளாக இருந்தது.

மேனேஜருக்குப் போன் போட்டுவிட்டு டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு கேபிள் வழியே போனேன். ரொம்ப தூரம் போகவில்லை. மாமா குத்தகைக்கு எடுத்திருந்த கருவேலங்காட்டுப் பக்கம் பள்ளம் வாயைத் திறந்து கிடந்தது. மண் இல்லை. அறுந்த கேபிளின் நுனி மேலே நீட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி மாமாவின் கரிமூட்டம் புகைந்துகொண்டிருந்தது. விறகை அடுக்கி, தழை போட்டு, மேலே மண் மூடி, உள்ளுக்குள்ளேயே கனிய விடுவார்களே, அது. மண் விரிசல் விட்டு உள்ளே காற்றுப் போனால் கரி கிடைக்காது, அத்தனையும் சாம்பல்தான்.

"மச்சான், இந்த மண்ண எங்க அள்ளுனீக?"

"வாங்க மாப்ள. வேற எங்க அள்ள? இந்த வெயில் காய்ச்சல்ல தரையில கடப்பாரையே இறங்க மாட்டேங்குது. இந்த ஓரம் மட்டும் அல்வா மாதிரி இருந்துச்சு. மூட்டம் திடீர்னு ஒரு பக்கம் வாயப் பொளந்துருச்சு, ஓடி ஓடி அள்ளிப் போட்டேன்."

"உள்ள கேபிளுக்கு அடையாளமா ஒரு மஞ்ச ரிப்பன் இருந்திருக்குமே?"

"இருந்துச்சு. எவனோ விசேஷ வீட்டுல கட்டுனதுன்னு பிச்சுப் போட்டேன்."

"வயரு?"

"கரண்டு வயரோன்னு எனக்கும் பயந்தான். டெஸ்டர வச்சுப் பாத்தேன், லைட்டு எரியல. செத்த வயருன்னு விட்டுட்டேன். மம்பட்டி பட்டிருக்கும் போல."

அந்தக் கேபிளில் மின்சாரம் ஓடாது. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்தான் ஓடும். டெஸ்டர் எப்படி எரியும்? எலக்ட்ரீசியன் நானே இன்ஜினியர் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"அதுலதான் மச்சான் எம் பொழப்பே ஓடுது."

மாமா முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். மம்பட்டியை எடுத்து மூட்டத்தின் மேலேயே வைத்தார், மண்ணைத் திருப்பித் தர. நான்தான் கையைப் பிடித்துக்கொண்டேன். அதைத் திறந்தால் அவர் அந்தப் பருவம் முழுக்க வெட்டிய விறகும் போய்விடும். இரண்டு குடும்பமும் ஒரே நாளில் போக வேண்டாம் என்று நினைத்தேன்.

கேபிள் ஒட்டுகிறவர்கள் மதுரையிலிருந்து வந்து சேர நேரமாகிவிட்டது. சோதனை நாள் காலையில்தான் ஒட்டி முடித்தார்கள். லைன் வந்தது, விட்டுப்போனவை வர ஆரம்பித்தன. சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும் என்றார்கள் இன்ஜினியர் அம்மா. அதற்குள் கார் வந்துவிட்டது. மேனேஜரும், வெளிநாட்டுக் கம்பெனிக்காக வந்த நம்மூர்க்காரர் ஒருவரும். மரியாதையானவர். நான் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "திறந்து காட்டுங்க" என்றார்.

இன்ஜினியர் அம்மா நிலைமையை மறைக்காமல் சொல்லி, சாயங்காலம் வரை நேரம் கேட்டார்கள்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "மில்லு தீப்பிடிச்சிருச்சுன்னு வைங்க. சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கோன்னு தீகிட்ட சொல்வீங்களாம்மா?"

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கேள்வி சரியான கேள்விதான்.

காரில் ஏறும் முன் மேனேஜர் என்னிடம் வந்தார். "யாருய்யா தோண்டுனது?"

"என் மச்சினன் சார். கரி மூட்டம் போடுறவரு. தெரியாம அள்ளிட்டாரு."

"அப்பச் சரி. காவலுக்கு உன்னைய வச்சேன், தோண்டுறதுக்கு உங்க வீட்டு ஆளுகளையே வச்சிட்டியா?"

அடுத்த வாரமே போனில் சொல்லிவிட்டார்கள். பெட்டி சென்னைக்குப் போகிறது, அங்கே வாடகைக்கு இடம் பார்த்தாயிற்று. கட்டடத்தையும் விற்கப் போகிறார்கள், ஆள் வேண்டாம்.

மாமா அன்றைக்கு வீட்டு வாசலில் வந்து நின்றார். "நா வேணா வந்து சொல்லட்டா மாப்ள, அந்தச் சார்கிட்ட?"

"என்னன்னு சொல்வீக?"

"நாந்தான் அறுத்தேன், என்னைய ரெண்டு போடு போடுங்க சார்னு."

"உங்களப் போட்டா வயரு ஒட்டிக்குமா மச்சான்?"

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

பிள்ளைகளா, நான் யோசித்துப் பார்த்துவிட்டேன். மாமா அள்ளாவிட்டால் குடிதண்ணீர்க் குழாய்க்கு வந்த ஜேசிபி அறுத்திருக்கும். அதுவும் தப்பினால் ரோட்டை அகலப்படுத்துகிறவர்கள் அறுத்திருப்பார்கள். ஆழமில்லாத பள்ளத்தில் போட்ட கேபிள் அது. அதை நம்பி நான்தான் உங்களுக்கெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் ஜெனரேட்டர் பார்க்கிறேன். எப்போது ஊரோடு வருவீர்கள் என்று சின்னவள் கேட்கிறாள். வருகிற மாதிரி ஒரு வேலை நம் பக்கம் இல்லையம்மா. வரும் என்று சொல்லி உன்னைக் காத்திருக்க வைக்க எனக்கு மனசு வரவில்லை. போனில் நான் கதை சொல்லும்போது உன் உம் தாமதமாக வருகிறது. தூங்கிவிட்டாயா, லைன் போய்விட்டதா என்று தெரியாமல் நிறுத்திவிடுகிறேன்.

பெட்டியை ஏற்றி அனுப்பிய அன்று நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. ரூமைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு, மம்பட்டியை டிவிஎஸ்ஸில் கட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போனேன். மாமா மூட்டத்தைப் பிரித்துக் கரியை ஏற்றிக்கொண்டு போயிருந்தார். வெந்த மண் வட்டமாகக் கிடந்தது. பள்ளத்தில் ஒட்டுப்போட்ட கேபிள் வெயிலில் கிடந்தது. இனி அதில் எதுவும் ஓடப்போவதில்லை. மண்ணை அள்ளி அள்ளிப் பள்ளத்தை நிரப்பினேன். அடியில் இன்னும் சூடு இருந்தது. நிரம்பியதும் செருப்பைக் கழற்றிவிட்டு, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை மிதித்து இறுக்கினேன்.