தள்ளாமல் போன கார்

பெட்ரோல் வாசனை மூக்கில் ஏறினாலே ராஜபாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்த அமெரிக்கக் கார் என் கண்முன் வந்து நிற்கும். யுத்த காலத்தில் பெட்ரோல் ஏது? கல்யாண ஊர்வலமென்றால் மேல்மூடியை மடக்கி, பொண்ணு மாப்பிள்ளையை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே போவார்கள். அப்பாவும் தள்ளுவார்.

காரை விலைபேசிய மதுரை வியாபாரி, பெட்ரோல் டின்னோடு வந்த அன்றுதான் மில் தொழிலாளி அந்தோணி மகளுக்குக் கல்யாணம்.

“அந்தோணிக்கு வாக்குக் கொடுத்துட்டேன் அண்ணாச்சி. நாளைக்கு எடுத்துக்கிடுங்க,” என்றார் அப்பா.

“இன்னைக்கு இல்லேன்னா எனக்கு வேண்டாம்.”

“அப்போ விட்டுருங்க. அந்தப் பிள்ளை நடந்தா போகும்?”

வியாபாரி காரையே பார்த்தார். “எம்புட்டுப் பிடிவாதம்வே உமக்கு! ஏறச் சொல்லும், நானே ஓட்டுதேன்,” என்று டின்னைத் திறந்தார்.

ஊர்வலம் முடிந்து மணமக்கள் இறங்கியதும் கார் மதுரை ரோட்டில் திரும்பியது. அதன் பின்பக்கத்தில் கைவைத்தபடி அப்பா கூடவே நடந்தார். வேகம் கூடிய பிறகுதான் கையை எடுத்தார்.