எங்கள் ஆன்லைன் கடைக்குப் பழைய வெர்ஷனா, புதிய வெர்ஷனா

என் வீட்டுக்காரர் காரைக்குடியில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறார். எனாமல் தூக்குவாளி, பீங்கான் ஜாடி, பித்தளைப் பூட்டு என்று பழசாக இருந்தால் போதும், அவருக்கு முகம் மலர்ந்துவிடும். புதிதாக எதை வாங்கினாலும் சந்தேகம்தான். நான் வாங்கிய மிக்ஸியை இரண்டு வாரம் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அப்படிப்பட்டவரை ஆன்லைனில் கடை போடச் சம்மதிக்க வைத்ததே என் வாழ்நாள் சாதனை. மென்பொருள் வேலையெல்லாம் என் சின்னம்மா மகள் பொறுப்பு. பள்ளத்தூரில் வீட்டிலிருந்தபடியே ஏதோ கம்பெனிக்கு வேலை பார்ப்பவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள்.

“அத்தான், கடைக்கு வேண்டிய சாஃப்ட்வேர் இலவசமாவே கிடைக்கும். ஆனா அதுல ரெண்டு வெர்ஷன் இருக்கு. மூணாவது வெர்ஷன் பழசு, ரொம்ப வருசமா எல்லாரும் ஓட்டுறது. நாலாவது இப்பத்தான் வந்திருக்கு. எதைப் போடலாம்?”

“இதென்ன கேள்வி? பழசைப் போடு.”

“புதுசு பாக்க நல்லா இருக்கும், போன்ல வேகமா ஓடும்...”

“பழசுன்னா நாலு பேரு அடிச்சுப் பொழங்கி, தேறி வந்தது. புதுசு என்னைக்குக் காலை வாரும்னு யாரு கண்டா?”

எனக்குப் புதிய வெர்ஷன்தான் பிடித்திருந்தது. வாதாடிப் பிரயோசனமில்லை என்பதும் தெரிந்தது. கடைக்கு யாரோ வந்திருக்கிறார்கள் என்று அவர் எழுந்து போனார். அதற்குள் இவள் இரண்டு வெர்ஷனிலும் மாதிரிக் கடை ஒன்று செய்து, திரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டாள். திரும்பி வந்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“இதுல எது பழசு?”

தங்கை வாயைத் திறப்பதற்குள் புதியதைக் காட்டி, “இந்தா, இதுதான்” என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன்.

அவர் மௌஸை வாங்கி அந்தப் பக்கத்தை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். “பாத்தியா, எழுத்தெல்லாம் எம்புட்டு நெதானமா நிக்குது! பழசுன்னா பழசுதான். அங்குட்டு இருக்கு பாரு புதுசு, எல்லாம் இடிச்சுக்கிட்டுக் கெடக்கு.”

“நீங்க சொன்னா சரியாத்தேன் இருக்கும்” என்று நான் மிகவும் பணிவாகச் சொன்னேன். தங்கை தண்ணீர் குடிக்கும் சாக்கில் அடுப்படிக்கு ஓடிப்போனாள். அங்கே அவள் சிரிப்பை அடக்கப் பட்டபாடு இங்கே வரை கேட்டது.

அந்த வாரம் முழுக்க நானே படம் எடுத்து ஏற்றினேன். ஜாடிகள் திரையில் மகாராணிகள் மாதிரி உட்கார்ந்திருந்தன. எல்லாம் முடிந்து, சோதித்துப் பார்க்க என் போனிலிருந்து ஒரு தூக்குவாளியை ஆர்டர் போட்டேன். பணம் கட்டும் இடம் வந்ததும் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. காபி போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

தங்கைக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் துழாவிவிட்டுச் சொன்னாள்: “அக்கா, பணம் வாங்குறதுக்குத் தனியா ஒரு ப்ளகின் சேக்கணும்ல, அது மூணாவது வெர்ஷனுக்குத்தான் ஒழுங்கா ஓடுது. நாலாவதுக்கு இன்னும் எழுதி முடிக்கலையாம். பழசுக்கே மாறிக்கிருவோம்.”

“உங்க அத்தான்கிட்ட நீயே சொல்லிரு.”

“காலை மிதிச்சது நீங்கதானே? நீங்களே சொல்லிக்கிருங்க” என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை தட்டில் பணியாரத்தை அடுக்கி, சட்னியைத் தாராளமாக ஊற்றிவிட்டு ஆரம்பித்தேன்.

“என்னங்க, அன்னைக்கு வேணாம்னீகளே, அந்தப் புதுசையே போட்டுப் பாப்பமா?”

“ஏன், பழசுக்கு என்ன கொறச்சல்?”

“பழசுல பணம் வாங்க வரலையாம்.”

“பழசுலயா? ரொம்ப வருசமா எல்லாரும் அதுலதான் ஓட்டுறாகன்னு உன் தங்கச்சிதானே சொல்லுச்சு?” முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை.

“அது... பழசுதான் ஓடும். நம்ம பழசு ஓடாது.”

“நம்ம பழசா? அப்ப ஊருக்கு ஒரு பழசு, நமக்கு ஒரு பழசா?”

“இல்லைங்க. புதுசை எடுத்துட்டுப் பழசை... இல்ல, பழசை எடுத்துட்டு, இப்ப புதுசுன்னு சொன்னோம்ல, அந்தப் பழசை...”

எது பழசு எது புதுசு என்று எனக்கே பிடி விட்டுப்போனது. அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார் பாருங்கள், பணியாரம் புரையேறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தலையில் தட்டுகிற சாக்கில் நான் கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

“கடைக்கு ஒரு பாத்திரம் வந்தா நான் மொதல்ல என்ன பண்ணுவேன்?” என்றார் மூச்சு வாங்கியபடி.

“கவுத்து அடியைப் பாப்பீக. முத்திரை இருக்கான்னு.”

“இதையும் அப்படித்தான் பாத்தேன். பக்கத்தோட அடியில பொடி எழுத்துல நாலுன்னு போட்டிருந்துச்சு.”

“அன்னைக்கே தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டேவா பழசு பழசுன்னு புகழ்ந்தீக?”

“நல்லாத்தானே இருந்துச்சு. புதுசு நல்லா இருக்குன்னு என் வாயால சொன்னா உன்னைப் பிடிக்க முடியுமா?”

எனக்குக் கோபமாக வந்தது. கூடவே, இந்த மனிதர் வாயிலிருந்து ஒரு புதிய பொருளுக்கு நற்சான்றிதழ் வாங்கிவிட்டேனே என்று உள்ளுக்குள் குளுகுளுவென்றும் இருந்தது.

கடைசியில் மூன்றாவது வெர்ஷனிலேயே கடையைத் திறந்தோம். எழுத்துகள் இடித்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் பணம் கட்டினால் ஒழுங்காக வந்து சேர்ந்தது. முதல் ஆர்டர் அமெரிக்காவிலிருந்து வரும் என்று நான் கனவு கண்டுகொண்டிருந்தேன். வந்தது பக்கத்தில் இருக்கும் கண்டரமாணிக்கத்திலிருந்து, ஒரு எனாமல் தூக்குவாளிக்கு.

“இதுக்குப் போயி கூரியரா?” என்று அவரே ஸ்கூட்டரில் வாளியை மாட்டிக்கொண்டு கிளம்பினார். சாயங்காலம் திரும்பி வந்தது ஸ்கூட்டர் மட்டுமல்ல, பின்னாலேயே ஒரு குட்டியானை வண்டியும் வந்தது. அதில் வைக்கோலுக்கு நடுவே பீங்கான் ஜாடிகள், ஒரு நிலைக்கண்ணாடி, கால் ஆடும் ஒரு மேசை. அந்த வீட்டு அம்மாவுக்கு வாளி தேவையே இல்லையாம். பழைய சாமான்களை விற்க நினைத்திருக்கிறார். இந்தக் கடைக்காரர் நம்பிக்கையான ஆளா என்று பார்ப்பதற்காக ஒரு ஆர்டர் போட்டாராம்.

“ஆன்லைன் யாவாரம் பரவாயில்லையே!” என்று இவர் ஜாடிகளை ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தார்.

வாங்க வந்தவர் விற்றுவிட்டுப் போனால் அதை எந்த இடத்தில் பதிவது என்று தங்கையிடம் போனில் கேட்டேன். அதற்கு வழி எந்த வெர்ஷனிலும் இல்லையாம்.