போக ஏழு, வர ஏழு

என் அத்தானுக்கு ஆபீசில் வைத்த பட்டப்பெயர் தாமதம். அப்படிக் கூப்பிட்டால் கோபப்பட மாட்டார். வாங்குகிற சம்பளமே அதற்குத்தானே!

வேறு கிரகத்தில் மனிதர்கள் வாழ முடியுமா என்று பார்க்க, ஒரு பெரிய கூடத்துக்குள் காற்றுப் புகாத வீடு கட்டியிருந்தார்கள். ஜன்னல் கிடையாது. உள்ளே நான்கு பேர், ஒரு வருஷம். விட்ட மூச்சையே சுத்தம் செய்து மறுபடி இழுக்க வேண்டும். அந்தக் காற்று மெஷினைப் பார்த்துக்கொள்ளப் போன மெக்கானிக் என் அக்கா. சுவருக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர் அத்தான்.

நிஜமாகவே அந்தக் கிரகத்தில் இருந்தால் ஒரு செய்தி போய்ச்சேர ஏழு நிமிஷம், பதில் வர ஏழு நிமிஷம் ஆகுமாம். அதனால் போகிற வருகிற செய்தியையெல்லாம் ஏழு நிமிஷம் பிடித்துவைத்து அனுப்புவது அவர் வேலை. பெண்டாட்டி நாற்பதடி தூரத்தில். "சாப்பிட்டியா?" என்று டைப் அடித்துவிட்டு, அந்தக் கேள்வியைத் தானே பிடித்துவைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பார். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது!

எனக்கு எரிச்சல். "ஒரு தடவை சீக்கிரம் அனுப்பினா என்ன அத்தான், குடியா முழுகிடும்?"

"அவ தூரத்துல இருக்கோம்னு நம்பித்தான்டா வேலை செய்யறா. நானே கெடுக்கலாமா? ஒரு வருஷம்தானே. அப்புறம் எங்கேயும் போகமாட்டேன்னு சொல்லியிருக்கா."

அந்த ஒரு வாக்கை வைத்துத்தான் மனுஷன் நாளைத் தள்ளினார்.

எட்டாவது மாசம் அக்காவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "இன்னைக்குத் தூசி ஜாஸ்தி. ஜன்னல்ல ஒண்ணும் தெரியல." அத்தான் டாக்டரிடம் ஓடினார். தனிமையில் அப்படித்தான் இருக்கும், வெளியே வந்தால் சரியாகிவிடும் என்றார் டாக்டர்.

வெளியே வந்தாள். வீட்டுக்கு வந்த முதல் நாள், "டீ போடவா?" என்று கேட்டார் அத்தான். பதில் இல்லை. களைப்பு போல என்று பாத்திரம் கழுவப் போய்விட்டார். கழுவி முடிக்கும்போது அக்கா சொன்னாள்: "போடுங்க."

பதினாலு நிமிஷம்.

வேறு புருஷனாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பான். இவர் பழகியவர். குளிக்கப் போகுமுன் ஒன்று கேட்பார், தலை துவட்டிக்கொண்டே பதிலை வாங்கிக்கொள்வார். நான் ஒரு நாள் அவளைப் பிடித்துக் கத்தினேன். நான் கிளம்பி, செருப்பை மாட்டும்போதுதான் "கத்தாதேடா" என்றாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அத்தானோ, "பேசறாளே, அது போதும்" என்றார்.

போன வாரம் எனக்கு போன் செய்தார். குரலே சரியில்லை. "காலையில, 'தண்ணி நிறைய இருக்கு'ன்னா. அப்புறம், 'காத்து நல்லா இருக்கு, மெஷினே வேண்டாம்'னா. நான் எதுவுமே கேக்கலைடா. பதினாலு நிமிஷம் முன்னாடி நான் வீட்டுலயே இல்ல."

உடனே போனேன். நல்ல மத்தியானம், வீடு முழுக்க வெயில். அக்கா மேஜையில் உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். நானும் அத்தானும் எதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாயே திறக்கவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை என்று உறுதியாகத் தெரிய வேண்டும் அல்லவா?

அக்கா ஊசியை நிறுத்தினாள். காது கொடுத்துக் கேட்பவளைப் போல் தலையைச் சாய்த்தாள்.

"ஆமா. உயிர் இருக்கு," என்றாள்.

அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்போ ரெண்டு இருக்கு. ஒண்ணு எப்பவாவது வரும், சத்தம் போடும். இன்னொண்ணு இங்கேயேதான் இருக்கு. டீ கொண்டுவந்து வைக்குது. ஆபத்து இல்ல."

கல்யாணமான நாளிலிருந்து அவரை 'அவர்' என்று தவிர வேறெப்படியும் சொல்லாதவள் அவள். அத்தான் என் கையை விட்டுவிட்டு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கூப்பிட்டுக்கொண்டே அழ ஆரம்பித்தார்.

அக்கா அவர் முகத்தை உன்னிப்பாகப் பார்த்தாள்.

"அதுக்குக் கண்ணுலேர்ந்து தண்ணி வருது," என்றாள். "ஏன்னு தெரியல."