நாலு கை பயில்வான்

என் மகன் கைப்பேசியில் விளையாடும் விளையாட்டு அடிக்கடி தானாகவே தன்னைப் புதுசாக்கிக்கொள்கிறது. "அப்டேட் ஆகுதும்மா, கொஞ்சம் சும்மா இரு" என்று எனக்கு அதட்டல் வேறு. எங்கள் ஆம்பூரில் ஒரு விளையாட்டைப் புதுசாக்க ஒரு ஷூ பேக்டரியின் தயவு தேவைப்பட்டது என்றால் அவன் நம்பமாட்டான்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது என் சித்தப்பா பஜாரில் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். ஆள் உயர மரப்பெட்டி, அதற்குள் ஒரு டிவி, அதன் பின்னால், பூரான் போல் கால் வைத்த ஐ.சி. சில்லுகள் வரிசையாகச் செருகிய ஒரு போர்டு. காசு போட்டால் இரண்டு பயில்வான்கள் அடித்துக்கொள்வார்கள். பள்ளி விட்டதும் ஊர்ப் பையன்கள் அத்தனை பேரும் அங்கேதான் கிடப்பார்கள். பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருவர் கடை திறந்து, அதே விளையாட்டின் புது வடிவத்தைக் கூடுதல் பயில்வான்களோடு இறக்கினார். சித்தப்பா ஈ ஓட்ட ஆரம்பித்தார்.

அப்பாவுக்கு அந்தக் கடை முதலிலிருந்தே பிடிக்காது. கல்யாணமான தம்பி பொம்மைச் சண்டை காட்டிப் பிழைப்பதா என்று கோபம். "ரம்ஜானுக்குள்ள கூட்டம் வரலைன்னா கடையை மூடிட்டு எங்க தோல் பேக்டரிக்கு வந்துடு. மேனேஜர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்" என்று தீர்ப்பு எழுதிவிட்டார். சித்தப்பா அன்றைக்குச் சோறு தின்னவில்லை. எனக்கும் துக்கம் தாங்கவில்லை. பெண்பிள்ளைகள் எட்டிப் பார்க்காத அந்தக் கடையில் ஓசியில் விளையாடிய ஒரே மகாராணி நான்தான்.

சித்தப்பாவின் தோஸ்த், டிவி மெக்கானிக் பாய், புது வடிவத்தை எங்கிருந்தோ பிடித்து வந்தார். ஆனால் தேவையான புது ஐ.சி.களில் பாதிதான் கிடைத்தது. விளையாட்டை ஓட்டும் ஐ.சி.கள் புதுசு, படங்கள் இருக்கும் ஐ.சி.கள் மட்டும் பழசு. பழசில் இருப்பதை அழித்தால்தான் அதில் புதிதாக எழுத முடியும். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒட்டியிருந்த சீட்டைப் பாய் உரித்தபோது, உள்ளே சின்னக் கண்ணாடிச் சன்னல் மின்னியது. அதன் வழியே புற ஊதா ஒளி தரும் நீல விளக்கின் வெளிச்சம் பட்டால்தான் உள்ளே இருப்பது அழியுமாம். பாயிடம் இருந்த விளக்கு பியூஸ் போயிருந்தது. வெயிலில் வைக்கலாம் என்றால் வானம் மூடிக்கொண்டு கிடந்தது.

அந்த விளக்கு சித்தி வேலை பார்த்த ஷூ பேக்டரியில் இருந்தது. வெளிநாட்டுக்குக் கப்பலேறும் ஷூக்களில் பூஞ்சை பிடிக்காமலிருக்க, பெட்டியில் போடுமுன் நீல வெளிச்சத்துக்குக் கீழே ஓடவிடுவார்கள். அந்த இடத்தில்தான் சித்திக்கு வேலை. சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம். இருவரும் பேசிக்கொள்வதே அபூர்வம். சித்தப்பா சுவரைப் பார்த்தபடி, "இத்த அந்த லைட்டுக்கு அடியில கொஞ்ச நேரம் வெச்சு எடுத்துனு வரியா?" என்றார். சித்தி தரையைப் பார்த்தபடி, "சரிங்க" என்றார். சூப்பர்வைசரிடம் கேட்டு, சாப்பாட்டு நேரத்தில் வைத்து, வெல்வெட் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

ரம்ஜானுக்கு முந்தின சாயங்காலம் பாய் எல்லாவற்றையும் எழுதிச் செருகினார். பெட்டி உயிர் பெற்றது. பயில்வான் வந்து நின்றான். அவனுக்கு நாலு கை. எதிரே வந்தவனுக்கு முகத்தின்மேல் இன்னொரு முகம். பின்னால் நிற்க வேண்டிய லாரி ஒருவனுடைய இடுப்பிலிருந்து முளைத்திருந்தது. சித்தப்பா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"பழசு அழியவே இல்லடா. அதும்மேலயே புதுசு ஏறிட்சு" என்றார் பாய். "எழுதும்போதே மிஷின் தப்பு தப்புன்னுச்சு. பண்டிகை அவசரம், நான்தான் கண்டுக்கல."

சித்தியை அழைத்துவர என்னை விரட்டினார்கள். சித்தி அந்தக் கடைக்குள் காலெடுத்து வைத்தது அதுவே முதல் தடவை.

"எப்டிம்மா வெச்சே?" என்றார் பாய்.

"பாலீஷா இருந்துச்சே, அந்த நல்ல பக்கத்துல கீறல் விழுந்துடப் போவுதுன்னு துணி விரிச்சு, கவுத்து வெச்சேன்."

எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். தோலோ ஷூவோ, பளபளப்பான பக்கத்தைக் கண்ணைப் போல் காக்க வேண்டும் என்பது இங்கே கைப்பழக்கம். கண்ணாடிச் சன்னல் துணிக்குள் கவிழ்ந்து கிடக்க, ஒளி பாவம், ஐ.சி.யின் காலைத்தான் பார்த்தது. பாய் விளக்கியதும் சித்திக்குக் கண் நிறைந்துவிட்டது. சித்தப்பா கத்தப்போகிறார் என்று நான் வாசல் பக்கம் நகர்ந்தேன்.

அந்த நேரம் பார்த்து, திரையில் நாலு கை பயில்வான் உதை வாங்கி மல்லாந்தான். அவனுடைய இரண்டு கைகள் மட்டும் விழாமல் அந்தரத்தில் நின்று குத்திக்கொண்டிருந்தன. சித்தி குபீரென்று சிரித்துவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்திப் பார்த்தும் அடங்கவில்லை. அந்தச் சிரிப்பை வீட்டில் நாங்கள் யாருமே கேட்டதில்லை. சித்தப்பா திரையை விட்டுவிட்டு சித்தியையே பார்த்தார். பிறகு, "இன்னொரு ஆட்டம் பாக்கிறியா?" என்றார்.

சிரிப்புச் சத்தம் கேட்டு இரண்டு பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். நாலு கை பயில்வான் சேதி ராத்திரிக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் புதுச்சட்டையும் அத்தருமாகப் பஜாரே எங்கள் கடை வாசலில் நின்றது. பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரரே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாராம். கடைச் சாவியை வாங்க வந்த அப்பா உள்ளே நுழைய வழியில்லாமல் எக்கி எக்கிப் பார்த்தார். பார்த்தவர் தோள் குலுங்கச் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும், யாரும் கேட்காமலே, "அந்த வேலைக்கு வேற ஆள் எடுத்துட்டாங்க" என்றார். எனக்குத் தெருவெல்லாம் கத்திக்கொண்டு ஓடலாம் போல் சந்தோஷம்.

பண்டிகை கழிந்து பாய் வேறு ஐ.சி.கள் கொண்டுவந்து விளையாட்டைச் சரிசெய்தார். கெட்டுப்போன ஐ.சி.களை மட்டும் சித்தப்பா தூக்கிப்போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நல்லதைப் பிடுங்கி, கால் வளையாமல் கெட்டுப்போனதைச் செருகுவார். சித்தி வந்து உட்காருவார். நானும் ஓடிப்போய் நடுவில் உட்காருவேன். நான் உட்கார்ந்ததுமே சித்தப்பாவுக்கு டீ தாகம் எடுக்கும். எதிரிலேயே டீக்கடை இருந்தாலும், ரயில்வே ஸ்டேஷன் வாசலில் விற்கும் டீதான் வேண்டும் என்று தூக்குப்பாத்திரத்தோடு என்னை அனுப்புவார். மெதுவாகப் போய் வா, சிந்திவிடப் போகிறாய் என்று சித்தியும் சொல்லுவார். நான் திரும்புவதற்குள் டீ ஜில்லென்று ஆறிவிடும். இருவரும் முகம் சுளிக்காமல் சிரித்துக்கொண்டே அதைக் குடிப்பார்கள். ஆம்பூரிலேயே ருசியான டீ ஸ்டேஷன் வாசல் டீதான் என்று நான் வெகுகாலம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.