திருப்புளியாருக்கு எல்லாம் தெரியும்

அவருக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. தண்ணீர் பம்பு செய்யும் அந்தக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில், இருபத்தாறு வருடங்களாக அவர் திருப்புளியார்தான். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா செருகும் இடத்தில் அவர் திருகாணி முடுக்கும் திருப்புளியைச் செருகியிருப்பார். நாற்காலிச் சக்கரம் கழன்றாலும், கதவு கிறீச்சிட்டாலும், விளக்கு கண் சிமிட்டினாலும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். பெயரில் இருந்த மரியாதை கேலிக்காகச் சேர்த்தது. அவரோ அதை நிஜ மரியாதையாகவே எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்.

கேலிக்குப் பின்னால் கொஞ்சம் பயமும் இருந்தது. காரணம் நாலாவது மாடி. அங்கே டைரக்டர்களின் தேக்குக் கதவுகளில் பித்தளைப் பெயர்ப்பலகைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நாலு திருகாணி. யாரையாவது வீட்டுக்கு அனுப்புவதென்று முடிவானால், ஊருக்குத் தெரிவதற்கு முந்தின நாளே நிர்வாக அதிகாரி இவரைக் கூப்பிட்டு, "சாயங்காலம் அந்தப் பலகையைக் கழட்டிடுங்க, யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்பார். இப்படி இதுவரை பதினோரு பேரைக் கழற்றியிருக்கிறார். பதினோரு முறையும் அவர் வாயைத் திறந்ததில்லை. ஆனால் தான் வாயைத் திறக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தாக வேண்டுமே! அன்றைக்கு மட்டும் சாப்பாட்டு அறையில் தனி மேஜையில் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருப்பார். அவ்வளவு போதும். நாலு மாடியும் கப்சிப் ஆகிவிடும்.

இரண்டு வருடமாகக் கம்பெனி தள்ளாடிக்கொண்டிருந்தது. விற்காத பம்புகள் கிடங்கில் கூரை வரை ஏறி நின்றன. மேலே மேனேஜிங் டைரக்டருக்கும் நிதி டைரக்டருக்கும் ஆகவில்லை என்று பேச்சு. முதலாமவரை எல்லோரும் பெரியவர் என்பார்கள். இரண்டாமவர் கத்தரிக்கோல், யார் எதைக் கேட்டாலும் பாதியாக வெட்டிவிடுவார் என்பதால் வந்த பெயர். இருவரும் ஒரே லிஃப்டில் ஏறுவதில்லையாம். பெரியவர் இருமினால் கத்தரிக்கோல் எழுந்து போய்விடுகிறாராம். இந்தப் பேச்சுக்குக் கண் காது மூக்கெல்லாம் வைத்து வளர்த்ததில், பெரியவர் போகிறார் என்று மூன்றாவது மாடியும், கத்தரிக்கோல் போகிறார் என்று இரண்டாவது மாடியும் முடிவு கட்டிவிட்டன. முதல் மாடிக்காரர்கள் தாராள மனசுக்காரர்கள். இரண்டு பேரையும் அனுப்பிவிட்டு வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள்.

கடைசியில் எல்லோரும் வந்து நிற்பது திருப்புளியாரிடம்தான். "அண்ணே, யாருக்கு ஆர்டர் வந்திருக்கு?"

உள்ளதைச் சொன்னால், இந்த முறை அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. யாரும் எதையும் சொல்லவில்லை. ஆனால் 'தெரியாது' என்ற அந்த ஒரு வார்த்தை அவர் தொண்டையைத் தாண்டி வராது. "பார்ப்போம்" என்பார், பாதிச் சிரிப்போடு. கேட்டவன் அந்தப் பாதிச் சிரிப்பை எடுத்துக்கொண்டு போய் மூன்று கதை பண்ணிவிடுவான்.

இதோடு நின்றிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. அவர் மனைவியின் தம்பி, அதே கம்பெனியின் பேக்கிங் பிரிவில் இருந்தான். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவன் ஒருத்தன் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அவனுக்கு விசிறி செய்யும் இன்னொரு கம்பெனியிலிருந்து வேலைக் கடிதம் வந்திருந்தது. வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். புது இடத்துக்குப் போவதா, பழகின இடத்திலேயே இருப்பதா? அவன் தூக்கம் இல்லாமல் அலைந்தான்.

"என்னங்க, உங்களுக்குத்தான் மேல நடக்கறதெல்லாம் தெரியுமே. அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றாள் மனைவி.

மச்சான் எதிரே உட்கார்ந்து அவர் வாயையே பார்த்தான். மனைவி பார்த்தாள். மனுஷன் உருகிப் போனார்.

"நான் திருப்புளியை எடுக்கற வரைக்கும் கம்பெனிக்கு ஒண்ணும் ஆகாது. எடுத்தா முதல்ல உனக்குத்தானே சொல்லுவேன்? பேசாம இருந்த இடத்துலயே இருடா" என்றார்.

புதன்கிழமை மத்தியானம் மச்சான் அந்த விசிறிக் கம்பெனிக்குப் போன் பண்ணி, வரவில்லை என்று சொல்லிவிட்டான்.

அன்று சாயங்காலம்தான் திருப்புளியார் திருப்புளியை எடுத்தார். யாரும் சொல்லி அல்ல. வெள்ளிக்கிழமை டைரக்டர்கள் கூட்டம். பெரியவரின் பலகை மங்கிக் கிடந்தது. கதவில் வைத்தே துடைத்தால் பாலிஷ் வழிந்து தேக்கில் கறை பிடிக்கும். அதனால் கழற்றித் துடைத்து, அன்றைக்கே மாட்டிவிடுவது அவர் வழக்கம். அன்று பார்த்து ஒரு துளை தேய்ந்து போயிருந்தது. திருகாணி பிடிக்காமல் வழுக்கியது. துளையில் பசை விட்டு மரச்சில்லை அடித்தார். அது காய ஒரு ராத்திரியாவது வேண்டும். காலையில் மாட்டிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய், நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினார். எல்லாம் தெரிந்தவர் என்று பெயர் வாங்கியவருக்கு, அந்த மொட்டைக் கதவைப் பார்த்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பது மட்டும் தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை பெரியவர் வழக்கத்தைவிட முன்னதாக வந்தார். கதவைப் பார்த்தார். பலகை இருந்த இடத்தில் வெளிறிய ஒரு கட்டம். ஒரு நிமிடம் அப்படியே நின்றாராம். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு, லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல், படி வழியாக இறங்கிப் போய்விட்டார்.

திருப்புளியார் ஒன்பது மணிக்கு உள்ளே நுழைந்தபோது வாசல் காவலாளி எழுந்து சல்யூட் அடித்தான். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நாலாவது மாடியில் கத்தரிக்கோல் அந்தக் காலிக் கதவைத் தாண்டி நாலு முறை நடந்துவிட்டதாகவும், ஐந்தாவது முறை மெல்லச் சீட்டியடித்ததாகவும் டைப்பிஸ்ட் கண்ணை உருட்டிச் சொன்னாள். விஷயம் புரிந்ததும் பலகையை எடுக்க அடித்தளத்துப் பட்டறைக்கு ஓடினார்.

அங்கே மச்சான் நின்றிருந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"ஏன் மாமா, நேத்து சாயங்காலமே கழட்டிருக்கீங்க. முதல்ல எனக்குத்தான் சொல்லுவேன்னீங்களே. உங்க வார்த்தையை நம்பித்தானே அந்த வேலையை வேண்டாம்னேன்?"

மேஜையில் பலகை தங்கம் போல மின்னியது. அவர் அதைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார்.

"துடைக்கத்தான்டா கழட்டினேன்."

"யார் போறாங்க மாமா? இப்பவாவது சொல்லுங்க."

"தெரியாது."

அவன் நம்பாமல் பார்த்தான்.

"சத்தியமா தெரியாதுடா. அன்னிக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசிப் பேசிப் பழகிட்டேன். உன் அக்கா முன்னாடி தெரியாதுன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு. என் வெட்கத்துக்கு உன் பிள்ளைங்க சோத்துல கை வச்சுட்டேன். இன்னிக்குத்தான் கடைசி நாள், இப்பவே ஓடு. தப்பு என்னுதுன்னு சொல்லு, வேணும்னா நானும் கூட வரேன்."

மச்சான் திரும்பிப் பார்க்காமல் படியேறி ஓடினான். அவன் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவருக்கு. ரொம்ப அவமானமாக இருந்தது.

மத்தியானம் அவர் பலகையை மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. பெரியவர். நிர்வாக அதிகாரி போன் மேல் போன் போட்டு வரவழைத்திருந்தார்.

"யார் கழட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. மங்கிப் போயிருந்துச்சு, துடைச்சேன்."

பெரியவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உனக்கு எல்லாம் தெரியும்னு சொல்றாங்களே. நான் இருப்பேனா, போவேனா?"

இருபத்தாறு வருடத்தில் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. முந்தின நாளாக இருந்தால், "பார்ப்போம்" என்று ஒரு பாதிச் சிரிப்பு சிரித்து, இன்னொரு இருபத்தாறு வருடத்துக்கு அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருப்பார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார். காலையில் ஒரு தடவை வந்த வார்த்தை என்பதால் இரண்டாவது தடவை சுலபமாகவே வந்தது. பெரியவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

அன்று சாயங்காலம் மச்சான் வீட்டுக்கு வந்தான். விசிறிக் கம்பெனியில் இன்னும் யாரையும் எடுக்கவில்லையாம். அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, திங்கட்கிழமை சேரச் சொல்லிவிட்டார்களாம். திருப்புளியாரிடம் மட்டும் அவன் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதை அவர் வாயைத் திறக்காமல் பொறுத்துக்கொண்டார்.

நாலு மாதத்தில் கம்பெனி கைமாறியது. பெரியவர், கத்தரிக்கோல் இரண்டு பேர் பலகைகளையும் ஒரே நாளில் கழற்றினார். முதல் மாடிக்காரர்கள் சொன்னதுதான் நடந்தது. அவர்களுக்கும் தெரிந்து சொன்னதல்ல. அடுத்த வாரம் புது முதலாளிகள் தலைமை அலுவலகத்தையே மூட, நாலு மாடியும் காலி. கழற்றப் பலகை ஏதும் இல்லாதபடியால் திருப்புளியாரையும் கழற்றிவிட்டார்கள்.

ஒரு நாள் காலை மச்சான் வண்டியோடு வாசலில் வந்து நின்றான். "ஏறுங்க மாமா. எங்க கம்பெனியில மெயின்டனன்ஸுக்கு ஆள் கேக்கறாங்க."

விசிறிக் கம்பெனி அதிகாரிக்கு வயது முப்பதுகூட இருக்காது. அவர் காகிதத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"அங்க இருபத்தாறு வருஷம் இருந்திருக்கீங்க. உங்களுக்கு என்னென்ன தெரியும்?"

பக்கத்தில் நின்ற மச்சான் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"கதவு, நாற்காலி, விளக்கு" என்றார் திருப்புளியார். பிறகு மச்சானை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, "வேற ஒண்ணும் தெரியாதுங்க" என்றார்.