தம்பியின் எம்.பி.

மெல்பேர்ணில் இருக்கும் என் தம்பியின் தொகுதி எம்.பி. நாடாளுமன்றத்தில் வாய் திறந்தால், சுவிஸின் பேர்ணில் இருக்கும் எனக்கு மின்னஞ்சல் வரும். அப்படி அறிவிக்கும் இணையத்தளம் ஒன்றில் நானே பதிந்து வைத்திருந்தேன். ஆஸ்பத்திரிச் சமையலறையில் காலை இடைவேளைக்குக் கோப்பியும் கையுமாக இருந்து வாசிப்பேன். சுவிஸ் அரசியல்வாதி ஒருவரைப் பற்றிக்கூட எனக்கு அவ்வளவு தெரியாது.

தம்பி படகில் போனவன். பத்து வருடத்துக்கு மேலாகத் தற்காலிக விசா. நிரந்தரமானால்தான் ஊரில் இருக்கும் மனைவியையும் மகளையும் கூப்பிடலாம். அவன் வெளிக்கிட்டபோது கைக்குழந்தையாக இருந்தவள் இப்போது தாயின் உயரத்துக்கு வந்துவிட்டாள்.

அந்த எம்.பி. ஒரு பொங்கல் விழாவில் பொன்னாடையும் திருநீறுமாக நின்று, உங்கள் விசயத்தைப் பேசுவேன் என்று சொல்லியிருந்தார். பொன்னாடை போர்த்திவிட்டால் பிறகு அவர் நம்முடைய ஆள்தானே. கோழித் தொழிற்சாலையில் நின்று களைத்து வருகிற தம்பிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெம்பில்லை. ஞாயிறுகளில் என்னிடம் கேட்பான்.

"அண்ணை, எங்கட ஆள் ஏதும் கதைச்சவரோ?"

"ஓம், கதைச்சவர். றோட்டு லைற்றைப் பற்றி."

"அதுவும் தேவைதானே அண்ணை."

அவனுக்குக் கோபம் வராது. அவன் பங்கையும் சேர்த்து நான் கோபப்பட்டேன்.

ஒருநாள் எம்.பி. உண்மையாகவே பேசினார். தன் தொகுதியில் மகளைத் தொலைபேசியில் வளர்க்கும் தகப்பன் ஒருவர் இருக்கிறார் என்றார். வாசித்துவிட்டு அழுதேன். அடுத்த மாதம் தம்பியைப் போன்ற தற்காலிக விசாக்காரர்களுக்கு நிரந்தர வதிவிடம் கேட்டு ஒரு தீர்மானம் வந்தது. எதிர்த்து வாக்களித்தவர்களின் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. வருடத்துக்கு நாலு தடவை வாக்குச்சீட்டு வீடு தேடி வரும் நாட்டில், மனதுக்குப் பட்டதைப் போட்டுப் பழகியவன் நான். வாயில் வந்தபடி திட்டினேன். தம்பியிடம் மட்டும் சொல்ல முடியவில்லை. வாக்கெடுப்பு இன்னும் வரவில்லை என்று மூன்று ஞாயிறு பொய் சொன்னேன்.

நாலாம் ஞாயிறு அவனே சொன்னான்.

"அண்ணை, எனக்குத் தெரியும். வாக்கெடுப்பு முடிஞ்ச அடுத்த கிழமையே அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னவர். கட்சி சொன்ன பக்கம்தான் போய் இருக்கவேணுமாம். சொல்லேக்கை என்ர முகத்தைப் பாக்கேல்லை. பாவம், அந்தாளும் என்ன செய்யிறது."

"பிறகேன் ஒவ்வொரு ஞாயிறும் என்னட்டைக் கேட்டனி?"



"எனக்குத் தெரியும் எண்டு சொன்னா நீங்கள் வாசிக்கிறதை விட்டிடுவியள். எனக்காக ஒராள் பாத்துக்கொண்டிருக்கிறார் எண்ட நினைப்பாவது இருக்கட்டும் எண்டுதான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கிழமை எம்.பி. பாடசாலைப் பேருந்துகளைப் பற்றிப் பேசியிருந்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தமிழில் சொன்னேன். அவன் ஒன்றும் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.