நோரெல்லியின் கட்டைவிரல்

நோரெல்லி நல்லவள்தான். ஆனால் பக்கத்து மேசையில் பதினோரு வருஷம் உட்கார்ந்த எனக்குத்தான் அவள் பிடிவாதம் தெரியும். மனிசாலெஸ் நகரத்தில் இருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்தில், எலும்புக்குள் வைக்கும் டைட்டானியம் கம்பிகளுக்குப் பூச்சு ஏற்றுவது அவள் வேலை. எலும்பில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தும் துளி வெள்ளியும் கலந்த பூச்சு. வெள்ளி கிருமியைக் கொல்லும். சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு எலும்பு வளரும். வெள்ளி கூடிப்போனால் எலும்பும் சேர்ந்து சாகும்.

எங்கள் ஊரில் யார் வெளியே கிளம்பினாலும் அவர்கள் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டுத்தான் அனுப்புவோம். சோதனைக்குப் போகும் கம்பிகளையும் நோரெல்லி அப்படித்தான் அனுப்புவாள், மூடிய உறையின் மேல் போட்டு.

உபெய்மார் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தவன். விபத்தில் முறிந்த அவன் காலில், முழங்காலுக்குக் கீழே இரண்டு முறை கம்பி வைத்து, இரண்டு முறையும் சீழ் பிடித்தது. இன்னொரு முறை பிடித்தால் காலை எடுக்க வேண்டியதுதான் என்றார் டாக்டர். எங்கள் கம்பி முதன்முதலாகப் போகப்போகிற மனித உடம்பு அவனுடையதுதான்.

அந்தக் கம்பியை உறையில் போடும் முன் நோரெல்லி கையுறையைக் கழற்றி, பூச்சின் மேலேயே சிலுவை போட்டுவிட்டாள்.

"ஏண்டி, புத்தி கெட்டுப்போச்சா?"

"பாவம்டி அவன். கையுறையோட போட்டா ஆசீர்வாதம் சேருமா?"

"உன் கை எண்ணெய்தான் சேர்ந்திருக்கு! அந்த இடத்துல எலும்பு எப்படிப் பிடிக்கும்?"

அவள் முகம் செத்துவிட்டது. யாருக்குத் தெரியப்போகிறது, அனுப்பிவிடலாம் என்று சொன்னது நான்தான். எழுதவே வெட்கமாக இருக்கிறது. அவளோ டாக்டரிடம் சொல்லிவிட்டு, உபெய்மாருக்கும் தானே போன் போட்டாள்.

"தம்பி, வெறுங்கையால சிலுவை போட்டு உன் கம்பிய நான் கெடுத்துட்டேன். புதுசுக்கு ஒரு வாரம் ஆகும்."

அவன் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினான். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். கடைசியில் அவன் சொன்னான்: "ரெண்டு வருஷமா படுத்துக் கிடக்கேன், ஒரு வாரத்துல குடி முழுகிடாது. ஆனா இந்தத் தடவை கைய பாக்கெட்டுக்குள்ள வெச்சுக்குங்கக்கா."

புதுக் கம்பி வைத்து எட்டு மாதம் கழித்து உபெய்மார் ஊன்றுகோல் இல்லாமல் எங்கள் மாடிப்படி ஏறி வந்தான். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தோம். முறிவு இருந்த இடம் கூடியிருந்தது. சீழ் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவன் பேன்ட்டைச் சுருட்டி, காலைத் தூக்கி நாற்காலியில் வைத்தான்.

"இப்பப் போடுங்கக்கா. கையுறை வேண்டாம்."

அவள் தழும்பின் மேல் கட்டைவிரலால் சிலுவை போட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் போடுடி" என்றாள். நான் கையுறையைக் கழற்றினேன்.